ஆறு எண்ணும் நேரம்

வேலையை நிறுத்திப் பதினோரு நாளும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தன. வெந்த உருளைக்கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தவளுக்கு விரல் நுனியில் சுரீரென்று சுட்டது. கிழங்கைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டு விரல்களைத் திருப்பிப் பார்த்தாள். புதுத் தோல் வந்திருந்தது. சலவை ஆலையின் ரோலரிலிருந்து கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் படுக்கை விரிப்புகளை ஒன்பது வருஷமாக வெறுங்கையால் பிடித்து மரத்துப்போன விரல்கள். பதினோரு நாள் சும்மா இருந்ததில் உயிர் வந்துவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் காட்டினாள். அவளும் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். அப்படியே கை கையாக அந்தச் செய்தி சமையல் வேலையிலிருந்த எல்லாரிடமும் போயிற்று. கொஞ்ச நேரம் யாரும் கிழங்கைத் தொடவில்லை.

மூடிக் கிடந்த டயர்க் கடையின் பின்பக்கம்தான் அவர்கள் கூடும் இடம். கடைக்காரருக்கும் சலவை ஆலை மேனேஜருக்கும் ஏதோ பழைய தகராறு. அந்தக் கோபத்தில் சாவியைத் தூக்கிக் கொடுத்திருந்தார். ரப்பர் வாடை போகவே இல்லை. அடுக்கி வைத்த டயர்கள்தான் நாற்காலி. மதியம் எல்லாருக்கும் ஒரே சமையல், சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்ப வர வேண்டும். மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருந்தார். அதற்கு முன்னால் ஒரு காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. ஆலையில் எண்ணிக்கை எழுதுகிற கணக்கக்காவைச் சேர்த்துக்கொள்வதா, விலக்கிவைப்பதா என்று கை தூக்கச் சொல்லப்போகிறார்கள்.

விலக்கினால் அவளிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மணிக்கொரு தடவை ஒவ்வொரு ஜோடியும் தன் எண்ணிக்கையைக் கத்திச் சொன்னால்தான் அவள் எழுத முடியும். சொல்ல ஆளில்லையென்றால் அவளுக்கு அங்கே வேலையும் இல்லை.

விரல் சுட்டுக்கொண்டவளுக்குக் கணக்கக்கா நாத்தனார், புருஷனின் அக்கா. மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு உங்க குடும்பம்" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த சங்கக்கா. ஷிப்ட் முடிகிறபோது ஊதும் சங்கைவிட அவள் குரல் பெரிது என்பதால் அந்தப் பேர். "புருஷன் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறாரு, பொண்டாட்டி எடுத்துப் பாடுறா, நாத்தனார் அதை எழுதி ஆபீஸ்ல கொடுக்கிறா. கம்பெனியே வீட்டுக்குள்ள வெச்சிருக்கீங்க."

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். சங்கக்கா கெட்டவள் இல்லை. புது டார்கெட் வந்த இரண்டாம் வாரத்தில் தோள்பட்டை பிடித்துக்கொண்டு, இன்னமும் தலை சீவ மகளைக் கூப்பிடுகிறவள்.

மடிப்புக் கூடத்தில் ஒன்பது ஜோடி. ஆஸ்பத்திரி விரிப்புகளும் ஹோட்டல் விரிப்புகளும் ரோலரில் தட்டையாகி வரும். இரண்டு பேர் இரண்டு மூலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போக வேண்டும். இழுத்து, உதறி, நீளவாக்கில் இரண்டு மடிப்பு. பிறகு எதிரும் புதிருமாக நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்தால் ஒருத்தி வாங்கிக்கொள்வாள், மற்றவள் குனிந்து கீழ் மடிப்பை எடுத்துக் கொடுப்பாள். அடுக்கில் வைத்துவிட்டுத் திரும்பினால் அடுத்தது வந்து நிற்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜோடி நூற்றிருபது மடிக்க வேண்டும். வேலை நேரத்தில் பேசக் கூடாது என்று சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். பேசினாலும் ரோலர் இரைச்சலில் பக்கத்தில் வந்தால்தான் கேட்கும்.

அவள் புருஷன் அக்கார்டியன் வாசிப்பவர். எல்லாருக்கும் பெட்டிக்காரர். கல்யாணங்களுக்கு வாசிப்பது பிழைப்பு. மற்ற நாட்களில் பஸ் டிப்போ, செங்கல் சூளை, மீன் பதப்படுத்தும் இடம் என்று போய் ஆட்களைப் பாடவைப்பார். கூட்டம் என்று கூப்பிட்டால் நாலு பேர்தான் வருவார்கள், அதில் இரண்டு பேர் ஆபீசுக்குச் சொல்ல வந்தவர்கள், பாட வாங்க என்றால் பயந்தவர்களும் வருவார்கள் என்பது அவர் கணக்கு. சேர்ந்து பாட வேண்டுமானால் சேர்ந்து மூச்சு விட வேண்டும், ஆறு மாசம் சேர்ந்து மூச்சு விட்டவர்கள் ஒரு நாள் சேர்ந்து வேலையை நிறுத்தவும் செய்வார்கள் என்பார். அவர் அதைச் சொல்லும்போது யாருக்கும் சிரிப்பு வராது. சூளையில் அப்படித்தான் நடந்தது.

எட்டு மாசத்துக்கு முன்னால் மடிப்புக் கூடத்துக்கென்று ஒரு பாட்டுக் கட்டினார்.

மூலை பிடி, முகம் பாரு,
எட்டி நில்லு, இழுத்துப் பாரு,
ரெண்டா மடி, நாலா மடி,
கிட்ட வந்து சேதி சொல்லு.

ஒரு விரிப்புக்கு ஒரு தடவை. பாட்டு இருபத்து நான்கு எண்ணும் நேரம். பிறகு ஆறு எண்ணும் நேரத்துக்குப் பாட்டு நின்றுவிடும். சூட்சுமமே அந்த ஆறில்தான் இருந்தது. மூலையோடு மூலை சேர்ந்து, முகத்துக்கு நேரே முகம் நிற்கும் நேரம். ஒரு முழு வாக்கியம் சொல்லலாம். பாய்லர் பக்கம் ஒருத்தி மயங்கி விழுந்துவிட்டாள். பக்கத்து ஆலையில் கையுறை கொடுக்கிறார்களாம். கேட்டவள் அடுத்த ஜோடிக்குச் சொல்வாள். காலையில் ரோலர் பக்கம் கிளம்பிய சேதி மதியத்துக்குள் வாசல் வரை வந்துவிடும்.

பாடுவதற்கு மேனேஜரிடம் அனுமதி வாங்கியதும் பெட்டிக்காரர்தான். அந்தக் கடுகடுத்த மனுஷனிடம் போய் அரை மணியில் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். எப்படி வாங்கினார் என்று யாரும் கேட்கவில்லை. வாய்ச் சாமர்த்தியம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கும் அன்றைக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

பாட்டை எடுத்துக் கொடுப்பது அவள் வேலை. இரண்டாம் மாசமே ரோலர் பக்கம் குடிதண்ணீர் வேண்டும் என்று எல்லாரும் ஒரே நாளில் கேட்டு, வாங்கினார்கள். நான்காம் மாசம் இரண்டு மின்விசிறி. ஏழாம் மாசம் முடிகிறபோது பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. இனி ஒரு ஜோடிக்கு மணிக்கு நூற்றைம்பது.

போய்க் கேட்டார்கள். மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. நீங்கள் ஏற்கெனவே நூற்றைம்பதுதான் மடிக்கிறீர்கள், நான் ஒன்றும் புதிதாகக் கேட்கவில்லை என்று எண்ணிக்கைத் தாள்களை மேஜையில் பரப்பினார். கணக்கக்காவின் கையெழுத்து. பாடிய நாட்களுக்கு நேரே ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி. பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள் விடுப்பில் இருந்த நாட்களுக்குப் புள்ளி இல்லை. புள்ளி இல்லாத நாள் நூற்றிருபது. கடைசி மூன்று மாசத்தில் புள்ளி உள்ள நாள் நூற்றைம்பது.

மூன்று வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு மடித்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு காலை ஆறு மணிக்கு அவள் பாட்டை எடுக்கவில்லை. பதினெட்டுப் பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கணக்கக்காவும் பேனாவை மூடி வைத்துவிட்டு வந்து நின்றாள். அவளோடு பத்தொன்பது.

புள்ளி விவகாரம் ஐந்தாம் நாள் கிளம்பியது. இந்தப் புள்ளியை வைத்தது யார் என்று சங்கக்கா கேட்டாள். "நான்தான் வெச்சேன்" என்றாள் கணக்கக்கா. யார் வைக்கச் சொன்னது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. ஆறு நாளாகக் கேட்கிறார்கள். அதே பதில்தான், அதே மௌனம்தான்.

*

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. இரண்டு அறையும் ஒரு சின்னக் கொல்லையும் உள்ள வீடு. முன்னறையில் புருஷன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு துருத்தியின் மடிப்புகளை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பதினோரு நாளில் அவர் அதை வாசித்து அவள் கேட்கவில்லை. துடைப்பது மட்டும் தினமும் நடந்தது.

நாத்தனார் கொல்லையில் இருந்தாள். கொடியில் மூன்று விரிப்புகள் காய்ந்திருந்தன. எதையும் எண்ணாமல் இருக்கத் தெரியாத மனுஷி. பக்கத்துத் தெருவுக்கு எத்தனை அடி, மாடிப்படி எத்தனை, தம்பி ஒரு வாய் டீக்கு எத்தனை தடவை ஊதுகிறான் எல்லாம் சொல்வாள். கல்யாணமான புதிதில் அவளுக்கு அது எரிச்சலாக இருந்தது. பிறகு மனுஷிக்குப் பேச்சு வராததால்தான் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

"வா, பிடி" என்றாள் நாத்தனார்.

இரண்டு பேரும் மூலைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார்கள். கை தானாக ஓடியது. அவளை அறியாமல் வாயும் முணுமுணுத்தது. மூலை பிடி, முகம் பாரு. இழுத்து, உதறி, மடித்து, நடந்து வந்து மூலைகளைச் சேர்த்தாள். வாங்கிக்கொள்ள வேண்டிய நாத்தனார் வாங்காமல் அப்படியே நின்றாள். துணி இரண்டு பேருக்கும் நடுவில் தொய்ந்தது.

"ஏன் அண்ணி நின்னுட்டீங்க?"

"ஆறு எண்ணுறேன்."

"என்ன ஆறு?"

"பாட்டு முடிஞ்சா ஆறு எண்ணணும்ல. முதல் மாசம் உன் ஜோடிக்காரி லீவு போட்டப்ப நாலு நாள் நான்தானே உன்கூட மடிச்சேன். அப்படித்தானே பாடினீங்க?"

அவள் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அந்த இடைவெளி இப்போது இல்லை. எப்போது போயிற்று? நான்காம் மாசம் புருஷன், அந்த இடத்தில் பாட்டுத் தொய்கிறது, மூன்றாகக் குறைத்துக்கொள் என்றார். ஐந்தாம் மாசம், அந்த மூன்றும் எதற்கு, ஒரேயடியாகத் தொடர்ந்து பாடு, கேட்கவும் நன்றாயிருக்கும் என்றார். அப்புறம் சேதி சொல்வது எப்போது என்று அவள் கேட்டாள். பேசத்தான் சாயங்காலம் கூடுகிறோமே என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது. பாட்டைப் பற்றி அவர் சொன்னால் அவள் எதிர்த்துப் பேசியதில்லை.

"அண்ணி, அந்த ஆறு இப்ப இல்ல. எடுத்தாச்சு."

நாத்தனாரின் உதடுகள் அசைந்தன. அவள் கணக்குப் போடும்போது அப்படித்தான் அசையும்.

"ஒரு ஷீட்டுக்கு ஆறு செகண்டு. நூத்தியிருபது ஷீட்டுக்கு எழுநூத்தியிருபது செகண்டு. பன்னெண்டு நிமிஷம்" என்றாள் மெதுவாக. "பன்னெண்டு நிமிஷத்துல இருபத்தி நாலு செகண்டுக்கு ஒண்ணுன்னா முப்பது ஷீட்டு."

முப்பது. நூற்றிருபதுக்கும் நூற்றைம்பதுக்கும் நடுவில் இருந்த முப்பது.

நாத்தனார் கொடிக் கம்பத்தில் சாய்ந்துகொண்டாள். கூடத்தின் கடைசியில், இரைச்சலுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பவளுக்குப் பாட்டு விட்டு விட்டுத்தான் காதில் விழும். "உங்க கை வேகமாயிடுச்சுன்னு நினைச்சேன். எண்ணிக்கை ஏற ஏற எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமா வேற இருந்துச்சு" என்றாள்.

"கை அதே வேகம்தான் அண்ணி. நாங்க பேசின நேரத்தைத்தான் டார்கெட் ஆக்கிட்டாங்க. இதைச் சொன்னா நாளைக்கு மேனேஜர் முன்னால நிக்க நமக்கு ஒரு பிடி இருக்கு. உங்க மேல இருக்கிற பழியும் போயிடும்."

"பழி புள்ளிக்குத்தானே. இது வேற, அது வேற."

"அப்ப அதையும் சொல்லிடுங்க. யாரு வெக்கச் சொன்னது? மேனேஜரா? சொன்னா யாரும் உங்களை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. வேலைன்னா சொன்னதைச் செய்யத்தானே வேணும்."

நாத்தனார் மடித்த விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வெச்சது என் கை. அதுக்கு மேல என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். மீதி இரண்டு விரிப்புகளும் கொடியிலேயே கிடந்தன. மனுஷி ஒரு வேலையைப் பாதியில் விட்டு அவள் பார்த்ததில்லை.

அவள் முன்னறைக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். ஆறு எண்ணும் நேரம், பன்னிரண்டு நிமிஷம், முப்பது விரிப்பு. அவர் துடைப்பதை நிறுத்திவிட்டுத் துருத்தியின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு கேட்டார். இதைக் கேட்டதும் துள்ளி எழுவார் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். சூளையில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் விடியக் காலையில் கிளம்பி ஓடியவர்.

"ஆமா. நான்தான் குறைச்சேன்" என்றார்.

"தப்புன்னு சொல்லலைங்க. பாட்டு நல்லா வரணும்னு குறைச்சீங்க. அதை அவங்க இப்படி ஆக்குவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

அவர் அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, பெட்டியின் தோல் வாரை இறுக்கினார். "கூட்டத்துல நீயே சொல்லு. எடுத்துக் கொடுக்கிறவ நீதானே."

"நீங்க ஏன் அண்ணிக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாது? ஆறு நாளா அவங்களை நிக்க வெச்சுக் கேக்கிறாங்க. நீங்க டயர் மேல உக்காந்து தரையைப் பாத்துட்டிருக்கீங்க."

"எனக்கு அங்க ஓட்டு கிடையாது. நான் வெளி ஆளு."

"ஓட்டா கேக்கிறேன்? ஒரு வார்த்தைதானே."

மணி நாலரை ஆயிற்று என்றார் அவர். மூவரும் ஒன்றாகக் கிளம்பினார்கள், ஆனால் ஒன்றாக நடக்கவில்லை. நாத்தனார் முன்னால் அடி எண்ணிக்கொண்டு போனாள். பெட்டியின் எடையில் ஒரு பக்கம் சாய்ந்தபடி அவர் பின்னால் வந்தார். அவள் நடுவில்.

*

ஐந்து மணிக்கு டயர்க் கடைக் கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். சங்கக்கா பேச எழுந்ததும் அவள் கையை உயர்த்தித் தான் முதலில் பேச வேண்டும் என்றாள். சட்டென்று எழுந்து பேசுகிறவள் இல்லை அவள். பாடும்போது மட்டும்தான் அவளுக்குக் குரல் வரும் என்று எல்லாருக்கும் தெரியும். அதனாலேயே அமைதியானார்கள்.

சொல்வதைவிடக் காட்டுவது சுலபம் என்று தோன்றியது. கிழங்கு மூட்டையை மூட வைத்திருந்த பழைய துணியை எடுத்தாள், தன் ஜோடிக்காரியைக் கூப்பிட்டாள். பழைய மாதிரி ஒரு தடவை, புது மாதிரி ஒரு தடவை மடித்துக் காட்டினாள். பழைய மாதிரி மடித்தபோது மூலையோடு மூலை சேர்ந்த இடத்தில் இரண்டு பேரும் வெறுமனே நின்றார்கள். ஜோடிக்காரிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "என் மாமியார் ஊருக்குப் போயாச்சு" என்று சொல்லிவைத்தாள். கூடம் கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பாதிப் பேருக்குப் புரிந்துவிட்டது. மீதிப் பேருக்கு நாத்தனாரின் கணக்கைச் சொன்னாள்.

"முப்பதும் நாம பேசின நேரம்" என்று முடித்தாள். "நாளைக்கு அதைத்தான் திருப்பிக் கேக்கப்போறோம். கை வேகமாச்சுன்னு அவர் சொன்னா, மடிச்சுக் காட்டலாம்."

கூடத்தின் காற்றே மாறிவிட்டது. டயர்களிலிருந்து எழுந்து வந்தார்கள். இரண்டு ஜோடிகள் தாங்களே மடித்து எண்ணிப் பார்த்தார்கள். மேனேஜர் முன்னால் யார் யார் மடித்துக் காட்டுவது என்று பேச்சு ஓடியது. சங்கக்கா தன் வலிக்கிற தோளைத் தடவியபடி வந்து அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"கெட்டிக்காரிதான் நீ" என்றாள். பிறகு அவள் குரல் இறங்கியது. அது அவ்வளவு இறங்கி யாரும் கேட்டதில்லை. "ஆனா எனக்கு ஒண்ணு உறுத்துது. பாட்டால எண்ணிக்கை கூடுதான்னு பாக்கணும்னா முதல் நாளே யாராவது நினைச்சிருக்கணும்ல? புள்ளி எட்டு மாசமா இருக்கே. முதல் மூணு மாசம் எண்ணிக்கை கூடவே இல்ல. கூடும்னு யாருக்கு முன்கூட்டியே தெரியும்?"

எல்லாரும் கணக்கக்காவைப் பார்த்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, அறிக்கை வாசிக்கிற மாதிரி, நான்தான் வைத்தேன், அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நீங்கள் கை தூக்க வேண்டாம், நானே விலகிக்கொள்கிறேன், நாளைக் காலை நீங்கள் ஒரே மனசாகப் போக வேண்டும், அதுதான் முக்கியம் என்றாள். ஆறு நாளில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். பேசி முடித்ததும் வாசலை நோக்கி நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. வழிவிட்டார்கள்.

துணியோடு நின்றவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நாத்தனார் ஆபீசுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. ஆபீசுக்குப் பயந்தவள் பேனாவை மூடிவிட்டு வந்து பத்தொன்பதாவது ஆளாக நிற்க மாட்டாள். யாரையோ காப்பாற்றுகிறாள். இந்த உலகத்தில் நாத்தனார் காப்பாற்றக் கூடியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி, தான் ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்து இங்கே நிற்கிறாள்.

திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் டயரின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பார்வையை எடுக்கவில்லை. அவர் நிமிர்ந்தபோது அது அங்கேயே இருந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுச் சொன்னால் அது அவர் சொன்னதாக இருக்காது என்று நினைத்தாள். சொல்லாமலே விட்டால், இனி இவர் கட்டுகிற எந்தப் பாட்டையும் தன்னால் எடுத்துக் கொடுக்க முடியாது என்பதும் தெரிந்தது.

அவர் பெட்டியை மடியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தார். எழுந்தார்.

"அக்கா, நில்லு" என்றார்.

நாத்தனார் வாசலில் திரும்பினாள். "உக்காருடா" என்றாள். "பேசாம உக்காரு. நாளைக்கு இவங்களுக்கு நீ வேணும்."

"இப்படி வேண்டாம்க்கா."

சங்கக்கா அவரையும் கணக்கக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பெட்டிக்காரருக்கு மேடையிலும் தெருவிலும் எங்கேயும் பேச்சுத் தடுமாறியதில்லை. இப்போது ஒவ்வொரு வார்த்தையையும் தேடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

"பாட அனுமதி கேக்கப் போனேன்ல, அன்னிக்கு அவர் முடியாதுன்னுட்டாரு. எழுந்திரிச்சு வெளிய வந்திருக்கணும். வரல. பாட்டு மட்டும் உள்ள போயிட்டா போதும், மீதியை நீங்க பாத்துப்பீங்கன்னு நினைச்சேன்." அவர் மனைவியைப் பார்த்தார், உடனே பார்வையை விலக்கிச் சங்கக்காவிடம் சொன்னார். "நாலாம் மாசம் கூப்பிட்டு அனுப்பினாரு. எண்ணிக்கை ஏறவே இல்லையே, பாட்டை நிறுத்திடட்டுமான்னாரு. அப்பதான் அந்த ஆறைக் குறைச்சேன். பாட்டுத் தொய்யுதுன்னு இவகிட்ட சொன்னது பொய்."

"புள்ளி?" என்றாள் சங்கக்கா.

"பாடினா வேலை கூடும், சந்தேகம்னா பாடுற நாளுக்கு என் அக்காவை ஒரு புள்ளி வெக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கன்னு அவர்கிட்ட சொன்னது நான்தான்."